மார்ச்சிலேயே வெள்ளரி விதை போடலாமா? (மிசிசாகா, டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு)

கேள்வி, மார்ச் 8
மிசிசாகாவில் இருக்கிறோம். போன வருடம் ஜூனில் கடையில் நாற்று வாங்கி வைத்தேன், வெள்ளரி காய்க்க ஆகஸ்ட் ஆகிவிட்டது. இந்த முறை மார்ச் நடுவிலேயே வீட்டுக்குள் வெள்ளரி, சுக்கினி, பூசணி மூன்றையும் முளைக்கப் போடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு முன்னால் போடுகிறோமோ அவ்வளவு முன்னால் காய்க்கும்தானே? தெற்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது.

மார்ச் 8, இரவு
காய்க்காது. போடாதீர்கள்.

மிளகாய், கத்தரிக்குச் சொல்கிற கணக்கை வெள்ளரிக்குப் போடக்கூடாது. மிளகாய் எட்டு வாரம் தொட்டியில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வெள்ளரிக் குடும்பம் அப்படியில்லை, வேரில் கை பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இங்கே விக்டோரியா தினம் வரைக்கும், அதாவது மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை வரைக்கும், வெளியே நடுவது சூதாட்டம். அங்கிருந்து பின்னால் மூன்று நான்கு வாரம் எண்ணினால் ஏப்ரல் கடைசி. கொடிக்காய் எதையும் அதற்கு முன் தொடாதீர்கள்.

மார்ச் 9
நேற்று கொஞ்சம் அதட்டலாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

ஸ்கார்பரோவில் வீடு வாங்கிய முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். மார்ச் முதல் வாரமே பன்னிரண்டு வெள்ளரி. ஏப்ரலில் கொடி ஜன்னல் திரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. பற்றுக்கம்பி திரைத்துணிக்குள் நுழைந்து சுருண்டு, திரையை இழுத்தால் செடி வரும், செடியை இழுத்தால் திரை வரும். மே மாதம் வெளியே கொண்டுபோகும்போது தண்டு நூல் மாதிரி, இலை வெளிறிப்போய், அங்கங்கே மஞ்சள் பூ வேறு. நட்ட பிறகு இரண்டு வாரம் அசையவே இல்லை. பன்னிரண்டில் பிழைத்தது நான்கு.

ஊரில் எங்கள் அப்பா வெள்ளரிக்கு நாற்றே விட்டதில்லை. கோபிசெட்டிப்பாளையம் பக்கம், ஒரு முழத்துக்குக் குழி, அதில் மக்கின சாணி, குழிக்கு மூன்று விதை, அவ்வளவுதான். இப்போது வீரிய ரகத்துக்குக் குழித்தட்டில் நாற்று விடுகிறார்கள், அதையும் பன்னிரண்டு பதினைந்து நாளில் எடுத்து நட்டுவிடுகிறார்கள். பத்து வாரம் யாரும் வைத்திருப்பதில்லை.

மார்ச் 11
மேலே ஒருவர் "உங்கள் ஜன்னல் வடக்குப் பார்த்தது, அதனால்தான் சொதப்பியது" என்கிறார். மேற்கு. ஆனால் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வெளிச்சம் போதாமல் நூலாகப் போனதை வயதின் மேல் போட்டுவிட்டேனோ என்னவோ.

சரி, இந்த வருடம் செய்து பார்த்துவிடலாம். ஒரே பொட்டலம், மார்க்கெட்மோர் 76 என்கிற வெள்ளரி ரகம். மார்ச் நடுவில் ஒரு அணி (இதற்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தாகிவிட்டது), ஏப்ரல் கடைசியில் ஒன்று, மே முடிவில் நேராகத் தரையில் ஒன்று. முதல் இரண்டுக்கும் குழல்விளக்கு, இலைக்கு நான்கு விரல்கடை மேலே, தினம் 14 மணி நேரம். கடைசியில் அணிக்கு இரண்டிரண்டு செடி. தரையில் விதைத்தது ஜூலைக்குள் எல்லோரையும் முந்தும் என்பது என் பந்தயம்.

மார்ச் 16
முந்திரிக்கொட்டை அணி ஈரத்தாளில் சுற்றி ஓவனுக்குள் போயிற்று. ஓவனை மூட்டக்கூடாது, உள்ளே இருக்கிற விளக்கை மட்டும் போடவேண்டும். இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். வெப்பமானி வைத்துப் பார்த்தேன், 29 டிகிரி.

மார்ச் 17
ஓவன் விஷயத்தில் ஒரு திருத்தம். மாவுப் பாத்திரத்தை மேல்தட்டில் வைத்து விதையைக் கீழ்த்தட்டில் வைக்கக்கூடாது.

ராத்திரி மாவு பொங்கி வழிந்து ஈரத்தாள் முழுக்க ஊறிவிட்டது. காலையில் திறந்தால் வெள்ளரி விதையும் உளுந்து வாசனையும். வீட்டில் ஒரே கேள்வி: "ஏனுங்க, இதுக்குள்ள மாவு வெக்கறதா, உங்க விதைய வெக்கறதா?" விதையைக் கழுவி வேறு தாளில் சுற்றி இப்போது இணைய மோடத்தின் மேல் வைத்திருக்கிறேன். அங்கே 26 டிகிரிதான்.

மார்ச் 20
பத்தில் ஏழு முளைத்தது. இரண்டு கொழகொழவென்று அழுகல், ஒன்று அசைவில்லை. மாவு அபிஷேகத்துக்கு இது மோசமில்லை.

"என் விதை இரண்டு வாரமாக முளைக்கவில்லை, கெட்ட விதையா?" என்று கேட்டவருக்கு: ஜன்னல் ஓரத்து மண்ணில் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். வெள்ளரி 15 டிகிரி மண்ணில் வெளியே வர 13 நாள் எடுக்கும். 20 டிகிரியில் 6 நாள், 25இல் 4, 30இல் 3. அறையில் 21 இருக்கலாம், ஆனால் ஈரமண் அறையைவிடப் பெரும்பாலும் இரண்டு மூன்று டிகிரி குறைவு, ஜன்னல் பலகை ராத்திரியில் இன்னும் மோசம். அந்தப் பதின்மூன்று நாளில் விதையைப் பூஞ்சை தின்றுவிடலாம். முளைக்கிற வரைக்கும்தான் அந்தச் சூடு தேவை. தலை வெளியே வந்தவுடன் சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மார்ச் 24
பூசணி, சுக்கினி விதையை எப்படி வைப்பது என்று கேட்டதற்கு "விளிம்பு கீழே இருக்கும்படி நிற்க வையுங்கள், படுக்க வைத்தால் தண்ணீர் தேங்கி அழுகும்" என்று பழைய இழையில் எழுதியிருந்தேன். இங்கே எல்லோரும் சொல்வதுதான். நானும் கேட்டதைச் சொன்னேன்.

விளையாட்டுக்குப் போட்டிருந்த ஆறு சுக்கினி விதை நேற்று வெளியே வந்தது (தெரியும், தெரியும், மார்ச்சில் போடாதே என்று நானேதான் சொன்னேன்). மூன்றைப் படுக்க வைத்திருந்தேன், மூன்றைக் கூர்முனை மேலே பார்க்கக் குத்திட்டு வைத்திருந்தேன். படுத்தவை மூன்றும் விதையோட்டை மண்ணுக்குள்ளேயே கழற்றிவிட்டு எழுந்தன. குத்திட்டதில் இரண்டு, ஓட்டைத் தலையில் குல்லாயாகப் போட்டுக்கொண்டு வந்தன. விதையிலை உள்ளே மாட்டிக்கொண்டு பிரிய முடியவில்லை. எச்சில் தொட்டு ஊறவைத்து நகத்தால் கழற்றினேன், ஒன்றில் பாதி இலை ஓட்டோடு வந்துவிட்டது.

இதற்கு அழகான காரணம் இருக்கிறது. இந்தக் குடும்பத்து முளையில் வேரும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன ஆப்பு வளரும். அந்த ஆப்பு கீழ் ஓட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தண்டு வளைந்து நிமிர்ந்து இலையை உருவிக்கொண்டு மேலே போகும். வேட்டியின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு உதறுகிற மாதிரி. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இலேயே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். விதை படுத்திருக்கும்போது கீழ்ப்பக்கமாக ஆப்பு வரும், பூமியின் ஈர்ப்புதான் அதற்குப் பக்கம் சொல்கிறது. 1998இல் விண்வெளி ஓடத்தில் வெள்ளரி விதையை முளைக்க வைத்தார்கள். அங்கே மேலும் இல்லை கீழும் இல்லை, அதனால் இரண்டு பக்கமும் ஆப்பு முளைத்தது!

ஆக, படுக்க வையுங்கள், முக்கால் அங்குலத்திலிருந்து ஓர் அங்குல ஆழம், மேலே மண்ணை லேசாக அழுத்துங்கள். அழுகுவது தண்ணீர் அதிகமானால். அதற்கு விதை மேல் பழி போடவேண்டாம்.

ஏப்ரல் 5
"பூசணி என்று எதைச் சொல்கிறீர்கள்?" என்று நாலைந்து பேர் சண்டை பிடித்திருக்கிறீர்கள். எங்கள் பக்கம் மஞ்சள் காய் அரசாணி. தஞ்சாவூர்க்காரர் பரங்கி என்கிறார். சென்னைக்காரருக்கு அதுவே மஞ்சள் பூசணி. யாழ்ப்பாணத்துக்காரர் பூசணி என்றால் வேறு பேச்சே இல்லை. தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. கடையில் பட்டர்நட் என்று விற்கிறானே, அதுவும் நம்மூர் அரசாணியும் ஒரே இனம், குக்கர்பிட்டா மாஸ்கட்டா. சுக்கினி வேறு இனம், பெப்போ. இந்த வித்தியாசம் ஜூலையில் தேவைப்படும்.

ஏப்ரல் 6
ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். "கொடிக்காய் எதையும் ஏப்ரல் கடைசிக்கு முன் தொடாதீர்கள்" என்று முதல் நாள் எழுதியதில் பாகல், புடலை சேராது. அவை மெதுவாக வளரும், வெயில் கேட்கும். இங்கே அக்டோபரில் உறைபனி வந்துவிடும். பாகலுக்கு ஆறு வாரமாவது வீட்டுக்குள் கிடைக்காவிட்டால் பூப் பார்க்கலாம், பொரியல் பார்க்க முடியாது.

பாகல் விதையின் ஓடு கெட்டி. நகவெட்டியால் கூர்முனைக்குப் பக்கத்தில் ஒரு துளி மட்டும் கடித்துவிட்டு, ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவையுங்கள். ஆழமாகக் கடித்தால் உள்ளே இருக்கிற பருப்பு போய்விடும். எட்டு விதை இன்று ஓவனுக்குள். மேல்தட்டில்.

ஏப்ரல் 13
பாகல் எட்டில் ஐந்து.

முந்திரிக்கொட்டை அணி விளக்கைத் தொட்டுவிட்டது. மூன்று தடவை விளக்கை உயர்த்தினேன். செடி நூலாகப் போகவில்லை, தண்டு நல்ல தடிமன், வெளிச்சம் பற்றிச் சொன்னவருக்கு வெற்றி. ஆனால் கோப்பைக்கு அடியில் பார்த்தால் வேர் சுற்றிச் சுற்றி நிற்கிறது.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா புதுவருடத்துக்கு முதல் நாளே பலகாரம் கொண்டுவந்தவர், அடித்தளத்தில் எட்டிப்பார்த்துச் சொன்னது: "தம்பி, உது பந்தலிலை ஏற வேண்டிய வயசு. உள்ளுக்கை அடைச்சு வைச்சா என்ன செய்யும்?" அவர் நாற்றே போடுவதில்லை. ஜூன் பிறந்ததும் விதையைக் கொண்டுபோய் மண்ணில் ஊன்றுவார், ஆகஸ்டில் எனக்கும் சேர்த்துக் கொடுப்பார்.

ஏப்ரல் 27
இரண்டாம் அணி விதைத்தாயிற்று. காப்பிக் கடையின் பெரிய காகிதக் கோப்பை, அடியில் பென்சிலால் நான்கு ஓட்டை. நடும்போது கத்தரியால் பக்கவாட்டில் கீறி உரித்துவிடலாம், வேருக்கு ஒன்றும் ஆகாது. கோப்பைக்கு இரண்டு விதை, இரண்டும் வந்தால் இளைத்ததைக் கத்தரிக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

பீட் தொட்டியை அப்படியே மண்ணில் புதைக்கலாம் என்று பொட்டலத்தில் போட்டிருக்கிறதே என்றால், புதைக்கலாம். ஆனால் விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்தால் விளக்குத் திரி மாதிரி ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். விளிம்பைக் கிழித்துவிடுங்கள், அடியையும்.

மே 11
வெளியே பழக்குவது ஆரம்பம். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய் ஒரு வாரம் பத்து நாள். வீட்டுக்குள் பிறந்த இலைக்குக் காற்றும் தெரியாது, நேர்வெயிலும் தெரியாது. அவசரப்பட்டால் இரண்டு மணி நேரத்தில் இலை வெள்ளைக் காகிதமாகிவிடும். நிழலில்தானே இருக்கிறது என்று உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அணில் ஒன்று முந்திரிக்கொட்டையில் ஒரு கோப்பையை உருட்டி, தோண்டி, ஒன்றும் கிடைக்காமல் செடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தது. ஊர் அணில் முதுகில் ராமர் கோடு போட்டாராம். இதற்கு இரண்டு போட்டால் தேவலை.

மே 18
மிசிசாகாக்காரர் எழுதியிருக்கிறார், மார்ச் 15ஆம் தேதியே போட்டுவிட்டாராம். சொல்லாமல் செய்திருக்கிறார்! நேற்று நட்டும் விட்டாராம். இன்று ராத்திரி 5 டிகிரி என்கிறார்கள். பழைய போர்வை இருந்தால் மூடுங்கள், இலையில் படாமல் குச்சி ஊன்றி. உறைபனி விழுந்தால்தான் ஆபத்து என்று நினைக்கவேண்டாம், வெள்ளரிக்குப் பத்துக்குக் கீழே போனாலே வேர் தண்ணீர் இழுக்காது. மண் ஈரமாக இருக்கும், செடி வாடி நிற்கும். நீங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவீர்கள். ஊற்றாதீர்கள்.

மே 28
இரண்டு அணியும் தரையில். மண் காலை எட்டு மணிக்கு 17 டிகிரி. யாழ்ப்பாணத்து அம்மாவிடம் வெப்பமானி இல்லை: "கையை வைச்சுப் பாருங்கோ தம்பி. உங்களுக்குக் குளிருதெண்டால் அதுக்கும் குளிரும்."

முந்திரிக்கொட்டை மூன்றடி உயரம், பூவோடு. இரண்டாம் அணி உள்ளங்கை அகலத்தில் மூன்று இலை. பார்த்தால் அண்ணனும் தம்பியும் மாதிரி. விளையும் பயிர் முளையிலேயே தெரியுமாம், பார்க்கலாம்.

ஜூன் 1
மூன்றாம் அணி, தரையில் நேராக.

ஜூன் 14
முந்திரிக்கொட்டை பதினேழு நாளாகப் புது இலை விடவில்லை. கீழ் இலை மூன்று மஞ்சள். இரண்டாம் அணி நட்ட ஐந்தாம் நாளே நிமிர்ந்துவிட்டது, இப்போது இரண்டும் ஒரே உயரம். தரையில் போட்டது ஏழாம் நாள் வந்தது.

மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட வண்டு வந்துவிட்டது. அது தின்கிற இலையைவிட அது கொண்டுவருகிற வாடல் நோய்தான் பயம். சின்னச் செடியின் மேல் மெல்லிய வலைத்துணி போட்டிருக்கிறேன். பெண்பூ வரும்போது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ உள்ளே வர முடியாது.

ஜூலை 2
"பூவெல்லாம் காய்க்காமல் உதிர்கிறது" என்று இந்த வாரம் ஆறாவது ஆள். முதலில் வருவது ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் பெண். பொறுங்கள். சுக்கினி ஆண்பூவை உதிர விடாமல் காலையில் பறித்து, கடலைமாவில் முக்கி பஜ்ஜி போடுங்கள்.

ஜூலை 19
தேதியை மட்டும் குறித்து வைக்கிறேன். முதல் வெள்ளரி: இரண்டாம் அணி, ஜூலை 13. முந்திரிக்கொட்டை இன்று, அதுவும் கேள்விக்குறி மாதிரி வளைந்து ஒன்று. தரையில் போட்டதில் இன்னும் பிஞ்சுதான். ஜூலைக்குள் அது எல்லோரையும் முந்தும் என்ற என் பந்தயம் தோல்வி.

சுக்கினி இரண்டும் போயிற்று. மதியம் வாடி, மாலை எழுந்து, நாலாம் நாள் எழவில்லை. தண்டின் அடியில் மரத்தூள் மாதிரி ஈரமாகக் கொட்டியிருந்தது. பிளேடால் கீறினால் உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு. தண்டு துளைப்பான். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க அந்துப்பூச்சி பகலிலேயே பறந்து தண்டடியில் முட்டை வைக்கும், பார்த்தால் குளவி என்று நினைப்பீர்கள். சுக்கினித் தண்டு உள்ளே கூடு, புழுவுக்கு வசதி. பட்டர்நட், அரசாணித் தண்டு கெட்டி, அதனால் பெரும்பாலும் தப்பிக்கும். என்னுடையது பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஜூலை முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா ஊன்றிய சுக்கினிக்கும் பயம் குறைவு. செடி தடிக்கிற நேரத்தில் பூச்சியின் காலம் முடிந்துவிடும். முந்திப் போட்டவனுக்குப் புழு, பிந்திப் போட்டவருக்குக் காய்.

ஆகஸ்ட் 17
கணக்குக் கேட்டீர்கள். இன்றுவரை அணிக்கு இரண்டு செடியில்: முந்திரிக்கொட்டை 9, இரண்டாம் அணி 31, தரையில் போட்டது 22. தரையணி ஜூலை 28இல்தான் ஆரம்பித்தது. இந்த வேகத்தில் போனால் செப்டம்பர் கடைசியில் இரண்டாம் அணியைப் பிடித்துவிடும் போலிருக்கிறது. இரண்டு வாரம் பொறுக்க முடிந்தவர்களுக்குக் கோப்பையும் வேண்டாம் ஓவனும் வேண்டாம். எனக்குப் பொறுக்க முடியாது.

உரக்குழியில் தானாக முளைத்த ஒரு சுக்கினியைப் பற்றி எச்சரிக்கை. போன வருடத்துக் காயின் விதை, அலங்காரச் சுரையோடு கலந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே பெப்போ. காய் அழகாக இருந்தது. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன், வேப்பெண்ணெய்க் கசப்பு. துப்பிவிட்டுச் செடியையே பிடுங்கிவிட்டேன். வெள்ளரியில் காம்புப் பக்கம் லேசாகக் கசந்தால் நறுக்கித் தேய்த்து நுரையைக் கழுவிச் சாப்பிடுகிறோம், சரி. சுக்கினி, சுரை இப்படிக் கசந்தால் சமைத்தாலும் போகாது, வயிற்றை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். 2015இல் ஜெர்மனியில் ஒரு முதியவர் தோட்டத்துக் கசப்புச் சுக்கினி சாப்பிட்டு இறந்தே போனார்.

பாகல் வந்துவிட்டது, பதினான்கு காய்.

செப்டம்பர் 14
மிசிசாகாக்காரரின் மார்ச் செடிகள் மே மாதக் குளிரில் போய்விட்டனவாம். ஜூனில் மறுபடி கடையில் நாற்று. அவரே சொன்னார், நான் கேட்கவில்லை.

ஒரு பாகலைப் பறிக்காமல் பழுக்க விட்டேன். நேற்று ஆரஞ்சு நிறமாகி மூன்றாக வெடித்து உள்ளே சிவப்புச் சதை. அதைக் கழுவி எடுத்ததில் பதினொரு விதை, இப்போது செய்தித்தாளில் காய்கிறது. மிசிசாகாக்காரரே, நான்கு உங்களுக்கு. நகவெட்டி வீட்டில் இருக்கும், ஏப்ரல் முதல் வாரம் போடுங்கள், மாவுக்கு மேலே.